புரோக்கர் சர்வர் மாற்றிய அந்தத் திங்கட்கிழமை

நான் பங்கு வாங்கி விற்கும் புரோக்கர் நிறுவனத்திடமிருந்து மூன்று வாரத்துக்கு முன்பே மெயில் வந்துவிட்டது. "உங்கள் வர்த்தக அனுபவத்தை மேம்படுத்த, புதிய தளத்துக்கு மாறுகிறோம்" என்று தலைப்பு. அந்த நிறுவனத்திடமிருந்து வாரத்துக்கு நாலைந்து மெயில் வரும். புதிய பங்கு வெளியீடு, இலவசப் பயிற்சி வகுப்பு, நண்பரைச் சேர்த்துவிட்டால் சலுகை என்று ஏதாவது இருக்கும். இதுவும் அந்தக் கும்பலில் ஒன்று என்று திறக்காமலே விட்டேன். பிறகு இரண்டு நினைவூட்டல் வந்தன. ஒன்றைத் திறந்து முதல் இரண்டு பத்தியைப் படித்தேன். வேகம் கூடும், சார்ட் பளிச்சென்று இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். மூடிவிட்டேன். எனக்கு வேண்டிய விஷயம் ஆறாவது பத்தியில் இருந்தது. எல்லாம் முடிந்து புகார் எழுத உட்கார்ந்த அன்றுதான் அதைப் பார்த்தேன். நிலுவையில் உள்ள நீண்டகால ஆர்டர்கள் புதிய தளத்துக்கு வராது, வாடிக்கையாளர்களே மறுபடி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஒரே ஒரு வரி. அந்த வாரம் என் முதலீட்டில் 11 சதவீதம் போனது. போராடித் திரும்ப வாங்கியது 2 சதவீதம். ஃபோனிலும் மெயிலிலும் கழிந்த ஆறு வாரம் தனிக்கணக்கு.

நான் முழுநேர டிரேடர் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே, வாங்கியதைச் சில நாளோ சில வாரமோ வைத்திருந்து விற்கிற ஆள். அந்த வெள்ளிக்கிழமை சந்தை மூடும்போது என்னிடம் மூன்று நிறுவனங்களின் பங்குகள் இருந்தன, இண்டெக்ஸ் ஃபியூச்சரில் (சந்தைக் குறியீட்டுக்கு முன்கூட்டியே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம்) 2 லாட், அதாவது இரண்டு கட்டு, வாங்கி வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் ஸ்டாப் லாஸ், அதாவது விலை இவ்வளவு இறங்கினால் தானாக விற்றுவிடு என்ற ஆர்டர், போட்டிருந்தேன். ஸ்டாப் லாஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் இரவு தூங்குவேன், ஆபீஸில் மீட்டிங்கில் உட்காருவேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், எத்தனையோ வருடம் டிரேட் செய்தும் எனக்கே இது உறைக்கவில்லை. நாம் போடுகிற ஸ்டாப் லாஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஒரே நாளுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஆர்டர் என்றால் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சுக்கே, அதாவது பங்குச் சந்தைக்கே, போய்விடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செல்லுபடியாகும் என்று போடுகிறோமே, அதில் பல புரோக்கரின் சர்வரில்தான் கிடக்கும். விலை அந்த எண்ணைத் தொடுகிறதா என்று அந்த சர்வர் பார்த்துக்கொண்டிருந்து, தொட்டதும் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும். எக்ஸ்சேஞ்சுக்கு அப்படியொரு ஆர்டர் இருப்பதே அதுவரை தெரியாது. இன்னும் சில மென்பொருளில் நிலைமை இதைவிட மோசம். மெட்டாடிரேடரில் சாதாரண ஸ்டாப் லாஸ் புரோக்கர் சர்வரில் இருக்கும், ஆனால் விலையோடு சேர்ந்து நகர்கிற டிரெய்லிங் ஸ்டாப் நம் கணினியில் ஓடும் டெர்மினலில்தான் இருக்கும். கணினியை அணைத்தால் அந்த ஸ்டாப் நகர்வது நின்றுவிடும். ஆகவே புரோக்கர் சர்வரை மாற்றுகிறார் என்றால், நம் காவல்காரன் வீட்டையே மாற்றுகிறார் என்று அர்த்தம். புது வீட்டுக்கு அவனைக் கூட்டிப் போகிறார்களா என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

பங்குகள் விஷயம் வேறு. அவை டெபாசிட்டரி என்ற மின்னணுப் பங்குக் காப்பகத்தில் நம் பெயரில் பதிவாகி இருக்கும், புரோக்கரின் சர்வர் எரிந்தே போனாலும் பங்கு நம்முடையதுதான். ஃபியூச்சர் பொசிஷனுக்கும், அதாவது இன்னும் மூடாமல் கையில் இருக்கும் ஒப்பந்தத்துக்கும், கிளியரிங்கில் (கொடுக்கல் வாங்கலைத் தீர்த்துவைக்கும் அமைப்பு) பதிவு உண்டு. ஆனால் காத்திருக்கும் ஆர்டர், வாட்ச்லிஸ்ட், விலை எச்சரிக்கை, வாங்கிய சராசரி விலை, தானாக ஆர்டர் போட நாம் எழுதிய புரோகிராமுக்குக் கொடுத்த நுழைவுச் சாவி இதெல்லாம் புரோக்கரின் தரவுத்தளத்தில் மட்டும் இருப்பவை. அங்கே தொலைந்தால் தொலைந்ததுதான். பங்குகள் பத்திரம் என்ற நினைப்பிலேயே நான் மற்றதை எல்லாம் மறந்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாற்றம் நடந்தது. ஞாயிறு மாலை ஆப் அப்டேட் கேட்டது, கொடுத்தேன். புது லாகின் திரை வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபோனை வைத்துவிட்டேன். அன்றைக்குப் பத்து நிமிடம் செலவழித்து உள்ளே போய்ப் பார்த்திருந்தால் ஆர்டர் பக்கம் காலியாக இருந்தது கண்ணில் பட்டிருக்கும். இந்த வரியை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

திங்கள் காலை சந்தை திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது லாகின் செய்தேன். பழைய பாஸ்வேர்டு செல்லாது, புதிதாக வை என்றது. வைத்தேன். ஒருமுறைக் குறியீடு (ஓடிபி) அனுப்பியிருக்கிறோம், 60 விநாடிக்குள் உள்ளிடு என்றது. குறியீடு வந்து சேர மூன்று நிமிடம் ஆனது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அதே கதவைத் தட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். அடுத்ததைக் கேட்டேன், அதற்குள் முந்தையது வந்தது, அதை உள்ளிட்டால் தவறு என்றது. ஐந்து முறை தவறானதும் கணக்கைப் பூட்டிவிட்டது. அரை மணி நேரம் கழித்து முயலவும் என்று சிவப்பில் ஒரு வரி. அதற்குள் சந்தை திறந்துவிட்டது. அன்று உலகச் சந்தைகள் இறங்கியிருந்தன, எங்கள் இண்டெக்ஸும் கீழே இறங்கியேதான் திறந்தது. செய்தி ஆப்பில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதும் ஸ்டாப் லாஸ் அடித்திருக்கும், பொசிஷன் வெளியே போயிருக்கும், சின்ன நஷ்டம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே போனபோது சந்தை திறந்து 34 நிமிடம் ஆகியிருந்தது. பொசிஷன் பக்கம் காலி. அடடா, ஸ்டாப் லாஸ் வேலை செய்துவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். ஆர்டர் பக்கம் போனேன், அதுவும் காலி. விற்ற ஆர்டர் இருக்க வேண்டுமே? டிரேட் பக்கமும் காலி. ஹோல்டிங்ஸில் (கையிருப்புப் பட்டியல்) மூன்று பங்கும் இருந்தன, ஆனால் சராசரி விலை மூன்றுக்கும் சுழி. சுழி விலையில் வாங்கியதால் எனக்குப் பிரமாதமான லாபம் என்று பச்சையில் மின்னிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்தபோதுதான் பொசிஷன் இன்னும் இருக்கிறது, இந்தத் திரைக்குத்தான் அது தெரியவில்லை என்று புரிந்தது. கை நடுங்க ஆரம்பித்தது.

தெரியாவிட்டால் என்ன, விற்றுவிடுவோம் என்று 2 லாட் விற்கப் போட்டேன். போதிய மார்ஜின் (முன்பணம்) இல்லை என்று நிராகரித்தது. என்னிடம் இருப்பதை விற்க எதற்கு மார்ஜின்? காரணம் எளிது, ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது. என் பழைய பொசிஷன் புதிய ரிஸ்க் சிஸ்டத்துக்குள் இன்னும் ஏறவில்லை. அதன் கண்ணுக்கு, கையில் எதுவும் இல்லாதவன் புதிதாக ஷார்ட் அடிக்கிறான், அதாவது முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கப் பார்க்கிறான். அதற்கான மார்ஜினைக் கேட்டது. என் ரொக்கமும் அப்போது ஏறியிருக்கவில்லை, அதனால் மறுத்தது. இதே நிலை உங்களுக்கு வந்தால் திரையோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த நிமிடமே டீலிங் டெஸ்க்குக்கு ஃபோன் போட்டு, வாயால் ஆர்டர் கொடுங்கள். ஃபோனில் ஆர்டர் எடுக்கும் வசதி பல புரோக்கர்களிடம் இன்னமும் உண்டு, அந்த எண் சாதாரண வாடிக்கையாளர் சேவை எண்ணாக இருக்காது, தனி எண். ஃபோன் வழி ஆர்டருக்குத் தனி ரகசிய எண் கேட்பார்கள், அதை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். என்னிடம் இரண்டுமே இல்லை. நான் அழைத்தது பொதுச் சேவை எண். 47 நிமிடம் பாட்டுக் கேட்டேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசிஷன் பக்கத்தில் 2 லாட் தோன்றியது. ரொக்கமும் வந்தது. பாய்ந்து விற்கும் பட்டனை அழுத்தினேன். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இருபது விநாடி கழித்து, பதில் கிடைக்கவில்லை, மீண்டும் முயலவும் என்று வந்தது. மீண்டும் அழுத்தினேன். அதே வட்டம், அதே செய்தி. மூன்றாம் முறையும் அழுத்தினேன். ஆர்டர் பக்கத்தைப் புதுப்பித்தேன், காலி. சரி, எதுவுமே போகவில்லை என்று முடிவுகட்டி, ஃபோனில் ஆள் வரட்டும் என்று காத்திருந்தேன். சந்தை அதற்குள் திரும்பி ஏற ஆரம்பித்தது. ஏறினால் நல்லதுதானே, நம் 2 லாட் மீளும் என்று கொஞ்சம் மூச்சுவிட்டேன். கிட்டத்தட்ட அரை மணி நேரம் அப்படி நிம்மதியாக இருந்திருக்கிறேன், முட்டாள்.

மூன்றுமே போயிருந்தன. ஆர்டர் பக்கம் உயிர் பெற்றபோது மூன்று விற்பனையும் வரிசையாக நின்றன, மூன்றும் நிறைவேறியிருந்தன. 2 லாட் கையில் வைத்திருந்தவன் 6 லாட் விற்றுவிட்டேன், அதாவது 4 லாட் ஷார்ட்டில் இருந்தேன், அதுவும் ஏறுகிற சந்தையில், அடிமட்டத்துக்குப் பக்கத்தில் விற்றுவிட்டு. ரொக்கத்தை உபரியாக வைத்திருப்பது நல்ல பழக்கம் என்பார்கள். அன்றைக்கு அதுவே வினையானது, கணக்கில் பணம் இல்லாமலிருந்தால் இரண்டாவதும் மூன்றாவதும் நிராகரிக்கப்பட்டிருக்கும். நடந்தது இதுதான்: என் ஆர்டர் சர்வரைச் சேர்ந்துவிட்டது, எக்ஸ்சேஞ்சுக்கும் போய்விட்டது. ஏற்றுக்கொண்டோம் என்ற பதில்தான் நெரிசலில் என் ஃபோனுக்குத் திரும்பவில்லை. பதில் வராதது வேறு, ஆர்டர் போகாதது வேறு. பங்குச் சந்தைகளில் ஆர்டர் அனுப்பப் பரவலாகப் பயன்படும் ஃபிக்ஸ் நெறிமுறையில், ஒவ்வொரு ஆர்டருக்கும் அனுப்புபவர் ஒரு தனி அடையாள எண் கொடுக்க வேண்டும், அதே எண்ணோடு இரண்டாவது வந்தால் இரட்டிப்பு என்று பிடித்துவிடலாம். ஆனால் என் ஆப் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது எண் போட்டது. சர்வருக்கு அவை மூன்று தனித்தனி ஆர்டர்கள். இப்போதெல்லாம் வட்டம் சுற்றினால் கையைப் பட்டனிலிருந்து எடுத்துவிடுகிறேன். ஆர்டர் பக்கத்தை ஃபோனிலும் பார்க்கிறேன், கணினியில் பிரௌசரிலும் பார்க்கிறேன், எக்ஸ்சேஞ்சிலிருந்து குறுஞ்செய்தியோ மெயிலோ வந்திருக்கிறதா என்றும் பார்க்கிறேன். மூன்றிலும் இல்லையென்றால்கூட மறுபடி அழுத்துவதற்கு முன் ஐந்து நிமிடம் பொறுக்கிறேன்.

கடைசியில் ஃபோனில் வந்த பையன் பாவம், மரியாதையாகத்தான் பேசினான். "சார், உங்க கணக்குல ஃபியூச்சர் பொசிஷனே இல்லன்னு எனக்குக் காட்டுது சார்." என் திரையில் 4 லாட் ஷார்ட், அவன் திரையில் ஒன்றுமில்லை. "தம்பி, என் கண்ணு முன்னாடி இருக்கு, இத மூடணும்" என்றேன். "சார், நீங்க பாக்குற திரை எனக்குத் தெரியாது சார், நான் டிக்கெட் போடுறேன்." டிக்கெட் எண் கொடுத்தான். நானே 4 லாட்டைத் திரும்ப வாங்கினேன். இந்த முறை ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். முதல் 2 லாட்டில் 4 சதவீதம், ஷார்ட்டில் 6 சதவீதம், ஸ்டாப் இல்லாமல் தொங்கிய ஒரு பங்கில் 1 சதவீதம். நியாயமாகச் சொன்னால், ஸ்டாப் லாஸ் இருந்திருந்தாலும் சந்தை வெள்ளி விலையிலிருந்து ஒரே தாவலில் இறங்கித் திறந்ததால் போட்ட விலையில் விற்றிருக்காது, திறந்த விலையில்தான் விற்றிருக்கும். முதல் 4 சதவீதத்தில் பாதி எப்படியும் போயிருக்கும். ஆனால் அந்த 6 சதவீதம் முழுக்க வட்டம் சுற்றியதால் போனது.

பிறகு சில நாள் இரவில் இதைப் பற்றியே தேடிப் படித்தேன், ஆறுதலுக்காகத்தான். அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பெரிய நிறுவனம், 2012-இல் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய மென்பொருளை ஏற்றிவிட்டு எட்டாவதை விட்டுவிட்டது. ஆகஸ்ட் 1 அன்று அந்த ஒன்றில் கிடந்த பழைய, கைவிடப்பட்ட நிரல் உயிர் பெற்று ஆர்டர்களைக் கொட்டித் தள்ளியது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு தகவல்: சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய கணினி, பிழை இருக்கிறது என்று 97 மெயில்களைத் தானாக அனுப்பியிருந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. மெயிலைப் படிக்காததில் நான் தனியாள் இல்லை என்று தெரிந்தது. பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய தளத்துக்கு மாற்றியது. பலர் வாரக்கணக்கில் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள், 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். வார இறுதியில் மாற்றிவிடுகிறோம், திங்கள் காலை வழக்கம்போல் இயங்கும் என்று எந்த நிறுவனம் சொன்னாலும் அந்தத் திங்களை வேலை நாளாக நான் இப்போது எண்ணுவதில்லை.

புகார் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் எனக்கே அலுக்கும். தொழில்நுட்பக் கோளாறுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று கணக்குத் திறக்கும்போது நாம் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கும். அதனால் கோளாறு என்ற சொல்லை வைத்துக்கொண்டு போனால் எதுவும் நகராது. ஸ்டாப் லாஸ் பற்றிக் கேட்டேன், ஆறாவது பத்தியைக் காட்டினார்கள், வாயை மூடிக்கொண்டேன். மூன்று ஆர்டர் பற்றிக் கேட்டேன், மூன்று முறை நீங்கள்தான் அழுத்தினீர்கள், எங்கள் பதிவில் இருக்கிறது என்றார்கள். அங்கேதான் ஒரு பிடி கிடைத்தது. "மீண்டும் முயலவும்" என்ற செய்தியை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன், மேலே ஃபோனின் கடிகாரமும் தெரிந்தது. அவர்கள் பதிவிலேயே அதற்கு 18 விநாடி முன்பு முதல் ஆர்டர் நிறைவேறியிருந்தது. நிறைவேறிய ஆர்டருக்கு மீண்டும் முயலச் சொன்னது உங்கள் ஆப் என்று எழுதினேன். ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போவதாகவும் ஒரு வரி சேர்த்தேன். ஆறாவது வாரம், நல்லெண்ண அடிப்படையில் என்று சொல்லி ஷார்ட்டில் போனதில் மூன்றில் ஒரு பாகமும், அன்றைய புரோக்கரேஜும் கொடுத்தார்கள். அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டை நான் யோசித்து எடுக்கவில்லை, நண்பனுக்கு அனுப்பித் திட்டுவதற்காக எடுத்தேன். பதற்றத்தில் மூளை வேலை செய்யாது, ஆகவே ஏதாவது சுணங்கினால் உடனே திரையைப் பதிவு செய்யும் பட்டனைத் தட்டிவிடும் பழக்கத்தை இப்போது கைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு தலைவலி மாதங்கள் கழித்து வந்தது. சுழியாகிப் போன சராசரி விலையைப் பிறகு சரிசெய்தார்கள், ஆனால் வாங்கிய விலைக்குப் பதிலாக மாற்றத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமையின் மூடும் விலையைப் போட்டிருந்தார்கள். வரிக் கணக்குப் பார்க்கும்போது லாபம் நஷ்டமாகவும் நஷ்டம் லாபமாகவும் வந்தது. ஒரு பங்கு நடுவில் பிளவுபட்டிருந்ததால் (ஒன்றைப் பல சிறு பங்குகளாகப் பிரித்திருந்தார்கள்) அதன் எண்ணிக்கையும் பழைய பதிவோடு ஒத்துப்போகவில்லை. பழைய தளம் மூடப்பட்டுவிட்டதால் பழைய கான்ட்ராக்ட் நோட்டுகளை (வாங்கியது விற்றதற்குப் புரோக்கர் தரும் ரசீது) அங்கிருந்து எடுக்க முடியவில்லை, மெயில் பெட்டியில் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன். மாற்றத்துக்கு முன்பே லெட்ஜர் (பண வரவு செலவுப் பதிவு), டிரேட் வரலாறு, ஹோல்டிங்ஸ் மூன்றையும் தரவிறக்கம் செய்து வைத்திருந்தால் ஒரு மாலை வேலை. நான்கு மாதம் இழுத்தது. சின்ன புரோகிராம் எழுதி ஆர்டர் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: தளம் மாறினால் பங்குகளுக்கான உள் குறியீட்டு எண்களும் மாறலாம். பழைய எண் புதிய தளத்தில் வேறு பங்கைக் குறித்தால், நீங்கள் கேள்விப்படாத நிறுவனத்துக்கு முதலாளி ஆகிவிடுவீர்கள். என் புரோகிராமின் சாவி நல்லவேளையாகக் காலாவதியாகிவிட்டது, அன்றைக்கு எனக்கு நடந்த ஒரே நல்லது அது.

போன மாதம் அதே நிறுவனத்திடமிருந்து மறுபடி ஒரு மெயில், தளத்தை இன்னும் மேம்படுத்துகிறார்களாம். (ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாய் என்று கேட்பீர்கள். வேறொரு புரோக்கரிடமும் சின்னதாக ஒரு கணக்கு திறந்துவிட்டேன். இங்கே மாட்டிக்கொண்டால் அங்கே எதிர்ப் பொசிஷன் எடுத்து நஷ்டத்தை நிறுத்திக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்சே நின்றுபோனால் அதுவும் உதவாது.) இந்த முறை கடைசி வரி வரை படித்தேன், இரண்டு கேள்வி எழுதி அனுப்பி எழுத்தில் பதில் வாங்கினேன். வியாழனே ஃபியூச்சரை எல்லாம் மூடினேன். வெள்ளி இரவு ஒவ்வொரு பங்கின் எண்ணிக்கை, வாங்கிய தேதி, விலை, போட்டிருந்த ஸ்டாப் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பேனாவால் எழுதினேன். ஞாயிறு மாலை லாகின் செய்து பார்த்து, ஸ்டாப்களை மறுபடி போட்டேன். திங்கள் காலை முதல் ஒரு மணி நேரம் எதையும் தொடவில்லை, அதன் பிறகு ஒரே ஒரு பங்கு வாங்கி, அதையே விற்று, இரண்டும் எல்லா இடத்திலும் சரியாகப் பதிவாகிறதா என்று பார்த்தேன். ஆகியிருந்தது. ஒரு பங்கின் சராசரி விலை மட்டும் இந்த முறையும் சுழி. நோட்டைத் திறந்து எண்ணைப் பார்த்து, கான்ட்ராக்ட் நோட்டை இணைத்து அனுப்பினேன். டிக்கெட் எண் வந்திருக்கிறது.